டிஸ்க் தெரியவில்லையா? பணம் கட்டும் முன் பயாஸைப் பாருங்கள்

விண்டோஸ் போட உட்கார்கிறோம். பென் டிரைவில் இருந்து நிறுவல் தொடங்குகிறது. மொழியைத் தேர்ந்தெடுத்தாயிற்று, உரிம நிபந்தனைக்கு டிக் அடித்தாயிற்று. எந்த டிஸ்க்கில் போடவேண்டும் என்று கேட்கும் திரை வருகிறது. பட்டியல் காலி. டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை, ஸ்டோரேஜ் டிரைவர் வேண்டுமானால் 'லோட் டிரைவர்' பட்டனை அழுத்துங்கள் என்று மட்டும் ஆங்கிலத்தில் ஒரு செய்தி.

இந்தச் செய்தியைக் காட்டியே, நன்றாக இருக்கும் எஸ்எஸ்டி டிஸ்க்கைப் 'போச்சு' என்று சொல்லிப் புதியதை விற்றுவிட முடியும். எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பழுது பார்ப்பவருக்கே காரணம் தெரியாமல் இருப்பதும் உண்டு. எப்படியானாலும் போவது நம் பணம். பணத்தைவிடப் பெரிது, உள்ளே இருக்கும் குடும்பப் படங்களும் கடைக் கணக்கும் ஆய்வேடும்.

எஸ்எஸ்டியைக் கணினி இரண்டு கட்டமாக அடையாளம் காண்கிறது. முதலில் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் பார்க்கிறது. பிறகு, நிறுவ வந்த விண்டோஸ் தன் கையில் இருக்கும் டிரைவர் மென்பொருளைக் கொண்டு பார்க்கிறது. பயாஸில் எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் சரியாக வந்து, விண்டோஸ் திரையில் மட்டும் வரவில்லை என்றால், பெரும்பாலும் எஸ்எஸ்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே சர்வீஸ் கடையில் நீங்கள் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "பயாஸில் தெரியுதா, காட்டுங்க" என்பதுதான். லேப்டாப்பை ஆன் செய்ததும் பல கம்பெனி மாடல்களில் எஃப்2, எச்பியில் எஃப்10 விசையைத் தட்டினால் பயாஸ் திறந்துவிடும். அதைக் காட்ட ஒரு நிமிடம் போதும். காட்ட மறுக்கும் கடையில் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள்.

பயாஸில் தெரிந்தும் விண்டோஸில் தெரியாமல் போவதற்கு இன்று முக்கியக் காரணம் விஎம்டி. 2020-இல் வந்த இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்புகள் தொடங்கி, பல மாடல்களில் 'வால்யூம் மேனேஜ்மென்ட் டிவைஸ்' என்ற இந்த ஏற்பாடு தொழிற்சாலையிலேயே ஆன் செய்யப்பட்டு வருகிறது. அது ஆன் ஆகியிருந்தால் என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டி நேரடியாக விண்டோஸின் கண்ணில் படாது, விஎம்டிக்குப் பின்னால் நிற்கும். அதைத் தாண்டிப் பார்க்க இன்டெல்லின் ஒரு டிரைவர் வேண்டும். மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கும் நிறுவல் கோப்பில் அந்த டிரைவர் பெரும்பாலும் இருப்பதில்லை. காலிப் பட்டியலுக்குக் காரணம் இவ்வளவுதான்.

தீர்வுக்குச் செலவே இல்லை. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து, 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' டிரைவரை வேறொரு கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். பலர் தடுக்கிவிழும் இடம் இதற்கு அடுத்தது. இறக்கிய எக்ஸ்இ கோப்பை அப்படியே பென் டிரைவில் போட்டால் நிறுவல் திரைக்கு அது தெரியாது. அது தேடுவது ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பை. ஆகவே பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் ஃபோல்டரைத்தான் காப்பி செய்யவேண்டும். பிறகு 'லோட் டிரைவர்', 'பிரவுஸ்' என்று போய் அந்த ஃபோல்டரைக் காட்டினால், பெயரில் 'விஎம்டி' என்றிருக்கும் டிரைவர் வரும். அதைத் தேர்ந்தெடுத்ததும் டிஸ்க் பட்டியலில் வந்துவிடும். டிரைவரைக் கம்பெனித் தளத்திலோ இன்டெல் தளத்திலோ மட்டும் எடுங்கள். 'எல்லா டிரைவரும் சேர்த்த விண்டோஸ்' என்று டெலிகிராமில் சுற்றும் கோப்புகளில் யார் எதைச் சேர்த்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அதில் போட்ட விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

பயாஸிலேயே விஎம்டியை ஆஃப் செய்வது இன்னொரு வழி. ஏசரின் பல மாடல்களில் அந்த வசதி மறைந்திருக்கும். 'மெயின்' பக்கத்தில் கன்ட்ரோல் விசையோடு எஸ்-ஐ அழுத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். டெல்லில் 'ரெய்டு ஆன்' என்றிருப்பதை 'ஏஎச்சிஐ' என்று மாற்றவேண்டும். சில மாடல்களில் ஆஃப் செய்யவே இடம் இருக்காது. அவற்றுக்கு டிரைவர்தான் வழி.

ஆனால் உள்ளே ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதில் கோப்புகளும் இருந்தால், இந்த அமைப்பை மாற்றுமுன் நிதானியுங்கள். விஎம்டி ஆன் நிலையில் போட்ட விண்டோஸ், அதை ஆஃப் செய்ததும் எழாமல் நீலத்திரை காட்டும். உடனே 'விண்டோஸ் கரப்ட், ஃபார்மட் பண்ணணும்' என்பார்கள். அமைப்பைப் பழையபடி திருப்பினாலே பெரும்பாலும் அது எழுந்துவிடும். அதற்குள் ஃபார்மட்டுக்குச் சம்மதித்துவிட்டால் திரும்பி வர வழியில்லை.

விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரும் இங்கேதான் குறுக்கே வரும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் நம்மைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டுவிடுகிறது. பயாஸில் கைவைத்தால் அடுத்தமுறை ஆன் செய்யும்போது 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினியைக் கடையில் கொடுக்கும் முன்பே கணக்கில் நுழைந்து அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கீ இல்லையென்றால் அந்த டிஸ்க்கை எந்த நிபுணராலும் திறக்க முடியாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் தவறி ஃபார்மட் செய்தால் ரெக்கவரி மென்பொருள் வைத்து ஓரளவு மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். அழித்த இடத்தை விண்டோஸ் 'ட்ரிம்' கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கிறது, எஸ்எஸ்டி அந்த இடத்தை உள்ளுக்குள் துடைத்துவிடுகிறது. வீடியோ பார்த்து 'டிஸ்க்பார்ட்' திறந்து, டிஸ்க்கையே காலியாக்கும் 'க்ளீன்' கட்டளை கொடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று கொள்ளளவை வைத்து உறுதி செய்யாமல் என்டர் தட்டாதீர்கள்.

பயாஸிலும் தெரியவில்லை என்றால் கதை வேறு. அப்போதும் எஸ்எஸ்டி போய்விட்டது என்று முடிவு கட்டவேண்டாம். எம்.2 எஸ்எஸ்டி சரியாக அமராமல் இருக்கலாம், கழற்றி மாட்டிப் பார்க்கவேண்டும். அதன் தங்க நிற இணைப்பு முனையைப் பாருங்கள். ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா என்ற பழைய வகை. இரண்டும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று ஒரே அளவில் கிடைப்பதால் குழப்பம் வருகிறது. சாட்டாவை மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் என்விஎம்இயை மாட்டினால் அது ஒருபோதும் தெரியாது. இது எஸ்எஸ்டியின் குறையே அல்ல. 'உங்க மாடலுக்குப் பொருந்தும்' என்று கடைக்காரர் சொல்லி வாங்கியிருந்தால் பொறுப்பு அவருடையது. அதனால்தான் மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்கிவைக்கச் சொல்கிறேன்.

எஸ்எஸ்டி உண்மையிலேயே திடீரென்று சாவதும் உண்டு. 2019-இல் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அதன் சில சர்வர் எஸ்எஸ்டிகள், ஃபர்ம்வேர் கோளாறால், 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், உள்ளே இருப்பதை மீட்க முடியாது என்று. பெரிய நிறுவனத்தின் சரக்குக்கே இந்த நிலை. உங்கள் முக்கியக் கோப்புகளுக்கு இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருக்கவேண்டும்.

இனி உரிமை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில் வாங்குங்கள், அதில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. அதற்கான காலக்கெடு பில்லில் குறிப்பிடப்படவில்லை என்றால் 30 நாள் என்று சட்டம் சொல்கிறது. கடைச் சுவரில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று எழுதி வைத்திருப்பதால் இந்த உரிமை போய்விடாது. 'புதுசு' என்று கொடுத்த எஸ்எஸ்டியை 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் பழையதைப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். அந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது என்ன கோளாறு, உள்ளே எந்த எஸ்எஸ்டி, என்ன கொள்ளளவு என்று எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். மாற்றினால் பழைய எஸ்எஸ்டியைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதில் இருப்பது உங்கள் தகவல்.

கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம், இணையம் வழியாகவும் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.