பழைய நகரங்களுக்கு ஏற்ற லென்சு

பழைய நகரங்களைப் படமெடுக்கப் புறப்படும் மாணவ நண்பர்கள் பலர், கையிலிருக்கும் பணத்தில் தொலைநோக்கு லென்சையே வாங்க விரும்புகின்றனர். ஒரே ஒரு லென்சுதான் வாங்க முடியுமென்றால், நான் கூறுவது 28 மில்லிமீட்டர். புதுச்சேரித் தெருக்களே இதற்குச் சான்று.

துய்மா வீதியில் ஒரு மாளிகையை எடுக்க வேண்டுமானால், எதிர்ச்சுவரில் முதுகு இடிக்கும் வரைதான் பின்வாங்கலாம். 35 மி.மீ. படச்சுருள் கேமராவிலும், அதே சட்ட அளவுள்ள டிஜிட்டல் கேமராவிலும், 10 மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்சு ஏறக்குறைய 7 மீட்டர் அகலத்தையே காட்டும். 28 மி.மீ. லென்சோ 13 மீட்டரை அடக்கிவிடும்; வாயிலும் சன்னல்களும் ஒருங்கே கிட்டும். தமிழர் பகுதித் திண்ணை வீடுகளுக்கும் இதுவே பொருந்தும்.

மாடியும் வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னோக்கிச் சாய்ந்துவிடும். நேராகப் பிடித்து, அடியில் விழும் தெருவைப் பிறகு வெட்டிக்கொள்வதே நன்று.

கடற்கரைக் காந்தி சிலையும் அதைச் சூழ்ந்த எட்டுக் கற்றூண்களும் வேறு கணக்கு. அங்கே விலகி நிற்க இடமுண்டு, 50 போதும். தஞ்சைப் பெரிய கோயில் முற்றமும் அப்படியே. தொலைநோக்கு லென்சு கோபுரச் சுதைகளுக்கு உதவும். இத்தெருக்களில் அது தோளுக்குச் சுமைதான்.