மாணவர் அமைத்த அறைகள்
ஹவுஸ் அம் ஹோர்ன், வைமார், ஜெர்மனி, 1923

1919-இல் வால்டர் கிரோபியஸ் ஸ்தாபித்த பௌஹவுஸ் கலாசாலை, தன் போதனையின் பலனை உலகறியச் செய்யும் பொருட்டு 1923-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கென எழுப்பிய இவ்வில்லத்தின் மூலத் திட்டம் ஓவிய ஆசிரியர் கியோர்க் மூகேயினுடையது. எனினும், ஆறு மீட்டர் சதுரமான நடுக்கூடத்தைச் சூழ்ந்த அறைகளுக்குரிய தளவாடங்களில் பெரும்பாலானவை, மாணவர் சிந்தையில் உதித்து, அளவு குறித்த வரைபடங்களாகிப் பட்டறைகளில் ஸ்தூல வடிவம் பெற்றவை. கூடத்தின் ஆசனங்களை அமைத்த மார்செல் பிராயரும் அன்று மாணவரே. பெனிட்டா ஓட்டேயும் எர்ன்ஸ்ட் கெப்ஹார்ட்டும் வகுத்த சமையலறையில் இடையறாது தொடர்ந்த வேலைமேடையும் சுவரலமாரிகளும், இன்று சர்வ சாதாரணமாயினும், அக்காலத்தில் அபூர்வமான புதுமை.

இவையனைத்திலும் உத்தமமானது, அல்மா புஷர் குழந்தைகளுக்கென நிர்மாணித்த அறை என்றே சொல்ல வேண்டும். அலமாரிக் கதவில் வெட்டிய திறப்பு பொம்மலாட்ட மேடையாயிற்று. உள்ளிருந்த வண்ணப் பெட்டிகளோ, வெளியே இழுத்த மாத்திரத்தில், குழந்தையின் இஷ்டம்போல் ஆசனமாகவும் மேசையாகவும் சக்கர வண்டியாகவும் மாறின. குழந்தையின் உயரத்தையும் சுபாவத்தையும் இத்துணைப் பரிவுடன் கணக்கிலெடுத்த வரைபடம் வேறொன்று காண்பது அரிது.

ஏப்ரலில் அஸ்திவாரமிட்டு ஆகஸ்டில் திறக்கப்பட்ட இவ்வில்லம், 1996 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்று.