வீட்டுத் தொட்டியில் பிரானா வளர்க்கலாமா? முதலில் நீங்கள் வாங்கியது நிஜமாவே பிரானாதானா?

சேலம் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஐஸுக்குள் கிடக்கும் ஒரு மீனும், கலர் மீன் கடையில் தண்ணீர் கவருக்குள் சுற்றிவரும் ஒரு குட்டி மீனும் ஒரே இனமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஒன்று குழம்புக்கு, கிலோ கணக்கில். இன்னொன்று "இது பிரானா சார்" என்ற பில்டப்போடு, ஜோடிக் கணக்கில்.

குழம்பு மீனின் பெயர் ரூப்சந்த். ஆங்கிலத்தில் பாக்கு. பிரானாவுக்கும் இதற்கும் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆறுகள். உறவு என்று பார்த்தால் பங்காளி முறை. 2000-களின் தொடக்கத்தில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்த பாக்கு, இன்று ஆந்திரா, மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் பண்ணை மீன். ஏரியில் யார் தூண்டிலிலாவது இது மாட்டினால் போதும், "மனிதனைத் தின்னும் மீன் சிக்கியது" என்று வாட்ஸ்அப்பில் வீடியோ பறக்கும். இந்தியாவில் 'பிரானா' என்று பரபரப்பான பல சம்பவங்களில் சிக்கியது பாக்குதான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

குட்டியாக இருக்கும்போது இரண்டுக்கும் சிவப்பு வயிறு, வெள்ளி உடம்பு. அங்கேதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது. வித்தியாசம் வாயில் இருக்கிறது. பிரானாவுக்குக் கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். பற்கள் முக்கோணமாக, ஒன்றோடொன்று கோத்த பிளேடு மாதிரி. பாக்குவின் பல்லோ நம்ம கடைவாய்ப் பல் போலவே தட்டை. ஆற்றில் விழும் பழங்களையும் கொட்டைகளையும் உடைத்துத் தின்பதற்கான பல் அது. (விரலை விட்டுச் சோதிக்க வேண்டாம். கொட்டையை உடைக்கும் பல்லுக்கு விரல் பெரிய விஷயம் இல்லை.)

இன்னொரு வித்தியாசம் தாமதமாகத்தான் தெரியும். சிவப்பு வயிற்றுப் பிரானா சுமார் ஓர் அடியோடு நின்றுவிடும். பாக்கு இரண்டு அடியைத் தாண்டியும் வளரும். மூன்று அடி தொட்டியில் விட்ட மீன், ஒருநாள் திரும்பக்கூட இடமில்லாமல் நிற்கும்.

சரி, நிஜ பிரானாவே கிடைத்தால்?

சினிமா பயமுறுத்துகிற அளவுக்கு அது ராட்சசன் இல்லை. 1914-ல் வெளியான தன் பயண நூலில் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இதை உலகின் மிகக் கொடூரமான மீன் என்ற ரீதியில் எழுத, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் பிரானா கூச்ச சுபாவம். கூட்டமாகச் சுற்றுவது வேட்டையாட அல்ல, பெரிய மீன்களிடமும் பறவைகளிடமும் இருந்து தப்பிக்கத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தனியாக விட்டால் மூலையில் ஒடுங்கும். பசியோடு நெருக்கமாக அடைத்தால் ஒன்றின் துடுப்பை இன்னொன்று கடிக்கும்.

ஐந்து பிரானாவுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டியாவது வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 450 லிட்டர் தண்ணீர். கண்ணாடி, கல், ஸ்டாண்டு சேர்த்து அரை டன் எடை. வாடகை வீட்டு மாடியில் இதை வைக்கும் முன் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இறைச்சி தின்னும் மீன் என்பதால் கழிவு அதிகம், தண்ணீரில் அமோனியா சீக்கிரம் ஏறும். பலமான ஃபில்டர் இல்லாவிட்டால் மீன் தாங்காது. வாரம் கால்வாசித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் குளோரின் இருக்கும், அப்படியே ஊற்றக்கூடாது. போர் தண்ணி உப்பாக இருந்தால் அதுவும் சரிவராது. மென்மையான தண்ணீரில் பழகிய மீன் இது. 24 முதல் 28 டிகிரி வெப்பம் போதுமானது. சேலத்து ஏப்ரல், மே வெயிலில் தொட்டி அதையும் தாண்டிவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அந்த நேரம் பார்த்து கரண்டும் போனால் பேட்டரி ஏர் பம்ப் கையில் இருக்க வேண்டும்.

தொட்டியைச் சுத்தம் செய்ய நீளக் குச்சி பிரஷ். கை உள்ளே போகவே கூடாது. மூடிக்குப் பூட்டு, குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும், டிடி ஊசி தேவைப்படலாம்.

சட்டப் பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டு மீனை உயிரோடு இறக்குமதி செய்ய மத்திய அரசின் அனுமதி வேண்டும். அந்த மீன் எந்த வழியாக வந்தது என்று கடைக்காரரிடம் பேப்பர் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வாங்காமல் வந்துவிடலாம்.

வளர்க்க முடியலைன்னா?

நிறைய பேர் செய்வது, ராத்திரியில் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுவது. மூக்கனேரியோ, நாமக்கல் வழியாகக் காவிரியில் போய்ச் சேரும் திருமணிமுத்தாறோ அந்த மீனுக்கான இடம் இல்லை. நாம் ஜிலேபி என்று வாங்கும் திலேப்பியாகூட 1952-ல் இந்தியாவுக்கு வந்த விருந்தாளிதான்; இன்று எந்தக் குளத்தில் வலை போட்டாலும் அதுதான் முதலில் ஏறுகிறது. பாசி தின்னட்டும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீன் ஏரிகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000-லேயே அரசு தடை செய்தும் இன்னும் ஒழிக்க முடியவில்லை. கேரளாவில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு அமேசானின் அரபைமா சாலக்குடி ஆற்றில் வலையில் சிக்கியது.

எனவே வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம், பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம், மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் வழி கேட்கலாம்.

'பாக்குதானே, குழம்பு வச்சிடலாமே' என்று தோன்றலாம். தொட்டி மீனுக்கு அது வேண்டாம். நோய் வந்தால் தொட்டியில் ஊற்றும் பச்சை மருந்துகளில் மாலகைட் கிரீன் இருக்கக்கூடும். சாப்பாட்டு மீன்களுக்கு அது தடை செய்யப்பட்ட ரசாயனம்.