காலை 11:25-க்குப் பிறகு: ஆண்ட்ரூ கோஸ்டன் வழக்கு

இங்கிலாந்தில் காணாமல் போனவர்கள் பற்றிய வழக்குகளில், இணையத்தில் அதிகம் அலசப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆனா படிக்கப் படிக்க ஒன்று புரியும். ஆண்ட்ரூவின் கடைசி நாள் காலையில் நடந்தது கிட்டத்தட்ட நிமிடக் கணக்கில் நமக்குத் தெரியும். மதியத்துக்கு மேல் எதுவுமே தெரியாது. இந்த அளவுக்குச் செங்குத்தாக அறுந்து போகிற வழக்கை நான் அதிகம் பார்த்ததில்லை.

தெரிந்ததை முதலில் சொல்லிடறேன். 2007 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை. ஊர் டான்காஸ்டர், வட இங்கிலாந்து. ஆண்ட்ரூ கோஸ்டனுக்கு வயது 14. படிப்பில் கெட்டிக்காரன், பள்ளிக்கு ஒரு நாள்கூட மட்டம் போடாதவன். அன்றைக்கு வழக்கம்போல யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு காலை 8 மணி வாக்கில் கிளம்பினான். பள்ளிப் பேருந்தில் ஏறவில்லை. ஒரு ஏடிஎம்மில் 200 பவுண்டு எடுத்தான். கணக்கில் இருந்ததே 214 பவுண்டுதான். அப்பா, அம்மா, அக்கா எல்லோரும் வெளியே போன பிறகு வீட்டுக்குத் திரும்பி வந்து, யூனிஃபார்மைத் துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்டு, கோட்டை நாற்காலியில் மாட்டினான். ஸ்லிப்நாட் என்ற மெட்டல் இசைக்குழுவின் பெயர் போட்ட கறுப்பு டி-ஷர்ட்டுக்கு மாறினான். ஒரு பை, பர்ஸ், வீட்டுச் சாவி, பிஎஸ்பி விளையாட்டுக் கருவி. அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் லண்டனுக்கு 31 பவுண்டு 40 பென்ஸுக்கு ஒருவழிப் பயணச்சீட்டு வாங்கினான். கவுண்டரில் இருந்த பெண், இன்னும் 50 பென்ஸ் சேர்த்துக் கொடுத்தால் திரும்பி வரவும் டிக்கெட் கிடைக்குமே என்று சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டான். அதனாலேயே அவருக்கு அந்தப் பையனை ஞாபகம் இருந்தது. 9:35 ரயில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னபடி, வழியெல்லாம் அமைதியா கேம் விளையாடிக்கொண்டே வந்தான். 11:20-க்கு ரயில் கிங்ஸ் கிராஸ் சேர்ந்தது. 11:25-க்கு, நிலையத்தின் முன்வாசல் வழியாக அவன் தனியாக வெளியே போவது கேமராவில் பதிவானது. உறுதியாகத் தெரிந்த கடைசிக் காட்சி அதுதான்.

அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தகவல் சொல்ல முயன்றிருக்கிறார்கள். ஆனா போன் வேறு யாரோ ஒரு பெற்றோரின் எண்ணுக்குப் போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர்கள், பையன் தன் அறையிலோ, கீழே நிலவறையிலோ விளையாடிக்கொண்டிருப்பான் என்றுதான் நினைத்தார்கள். இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதுதான் அவன் இல்லை என்றே தெரிந்தது. இரவு 7 மணி அளவில் போலீஸுக்குச் சொன்னார்கள். அவன் லண்டனில் இறங்கி ஏழரை மணி நேரம் ஆகிவிட்டிருந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு இனிமேல்தான். அந்த 11:25 காட்சியைக் கண்டெடுக்கவே 27 நாட்கள் ஆனது. இதன் அர்த்தம் என்னன்னு யோசிச்சுப் பாருங்க. கேமராப் பதிவுகளை யாரும் நிரந்தரமா வைத்திருப்பதில்லை. சில வாரங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது பதிந்துவிடும். கிங்ஸ் கிராஸ் வாசலைத் தாண்டினால் கடைகள், பேருந்துகள், சுரங்க ரயில் என எங்கே திரும்பினாலும் கேமராதான். முதல் வாரத்திலேயே வாசலில் அவனைப் பார்த்திருந்தால், இடப்பக்கம் திரும்பினானா, சுரங்க ரயிலுக்கு இறங்கினானா, யாரையாவது சந்தித்தானா என்று ஒவ்வொரு கேமராவாகத் தொடர்ந்து போயிருக்கலாம். நாலு வாரம் கழித்து அது முடியாது. என்னைக் கேட்டால், இந்த வழக்கு புதிராகத் தொடங்கவில்லை. தாமதம்தான் இதைப் புதிராக்கியது.

இணையத்தில் யாரோ ஆசை காட்டி வரவழைத்திருப்பார்கள் என்பதுதான் அடிக்கடி சொல்லப்படும் ஊகம். இதற்கு ஆதாரம் மிகக் குறைவு. அவனிடம் அப்போது மொபைல் போன் இல்லை. மின்னஞ்சல் முகவரி இருந்ததாகவும் தெரியவில்லை. பள்ளியிலும் நூலகத்திலும் இருந்த கணினிகளை ஆராய்ந்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிஎஸ்பி-யில் வைஃபை வசதி உண்டு என்பது உண்மை, ஆனா அதிலிருந்து கணக்கு எதுவும் தொடங்கப்படவில்லை என்று சோனி நிறுவனம் சொல்லிவிட்டது. அதற்காக நேரில் பழகிய யாருமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த வாரம் அவன் பேருந்தில் வராமல் பள்ளியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

இன்னொரு ஊகம், வீட்டை விட்டு நிரந்தரமாக ஓடிப்போகத் திட்டமிட்டான் என்பது. ஒருவழி டிக்கெட்டைத்தான் இதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு இது ஒத்துவரவில்லை. பிறந்தநாளுக்குக் கிடைத்த பணம் சுமார் 100 பவுண்டு வீட்டிலேயே கிடந்தது. பிஎஸ்பி-யின் சார்ஜரை எடுக்கவில்லை. பாஸ்போர்ட்டும் வீட்டில்தான். ஓடிப்போகிறவன் நூறு பவுண்டை விட்டுவிட்டுப் போவானா? லண்டனில் அவனுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, ஊரும் பழக்கம்தான். ஒரு நாள் சுற்றிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டே யாரோடாவது காரில் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கலாம். 14 வயசுப் பையன் 50 பென்ஸ் விஷயத்தில் என்ன யோசித்தான் என்பதை வைத்து ஒரு வழக்கையே கட்டுவது சரியில்லை.

அதற்குப் பிறகு வந்த துப்புகள் எல்லாமே பாதியில் நின்றன. 2008 நவம்பரில் லெம்ஸ்டர் என்ற ஊரில், இரவு நேரத்தில் ஒருவர் காவல் நிலைய வாசலில் இருந்த இண்டர்காமில் ஆண்ட்ரூ பற்றித் தகவல் இருக்கிறது என்றார். அதிகாரி வெளியே வருவதற்குள் போய்விட்டார். 2011-ல் தேம்ஸ் நதியில் சோனார் கருவி வைத்துத் தேடினார்கள். ஒரு உடல் கிடைத்தது, ஆனா அது வேறொருவருடையது.

2021 டிசம்பரில் லண்டனில் இரண்டு பேரைக் கடத்தல், ஆள்கடத்தல் வணிகச் சந்தேகத்தில் கைது செய்தபோது, 14 ஆண்டுகள் கழித்து முடிச்சு அவிழப்போகிறது என்று பலர் எழுதினார்கள். அவர்களுடைய கணினி, போன் எல்லாவற்றையும் ஆராயவே மாதக்கணக்கில் ஆனது. கடைசியில் 2023 செப்டம்பரில், இருவருக்கும் இந்த வழக்கில் தொடர்பில்லை என்று போலீஸ் அறிவித்தது. கைதுச் செய்தியைப் பகிர்ந்த பல தளங்கள் இதைச் சேர்க்காமல் விட்டுவிட்டன. அதனால் "ஆளைப் பிடிச்சாச்சே" என்று இப்பவும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வழக்கு மூடப்படவில்லை. வளர்ந்த பிறகு அவன் முகம் எப்படி இருக்கும் என்று வரைந்த படங்கள் வெளியாகியிருக்கின்றன. அடையாளங்களில் முக்கியமானவை இரண்டு: இடது காது கேட்காது, வலது காது மடலில் இரட்டை மடிப்பு இருக்கும். அவன் எடுத்துக்கொண்டு போன சாவி இன்னும் பொருந்த வேண்டும் என்பதற்காக, குடும்பத்தினர் வீட்டுப் பூட்டை மாற்றாமல் வைத்திருந்தார்கள்.