சில்லை மாற்றுமுன் சாவியை எடுத்து வையுங்கள்

கம்ப்யூட்டருக்குள்ளே, சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத ஒரு சில்லு இருக்கிறது. டி.பி.எம். என்று பெயர். 'அடுப்படியில் நிற்கிறவளுக்கு இது எதற்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவும், வீட்டுப் பத்திர நகலும் இன்று அந்தப் பெட்டிக்குள்தானே கிடக்கின்றன?

போன வருஷம் என் நாத்தனாரின் லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. சார்ஜில் இருந்தபோது இடி, மின்னல். ரிப்பேர் கடையில் புது போர்டு போட்டுக் கொடுத்தார்கள்; டி.பி.எம். சில்லும் அதோடு புதிது. திறந்தால் நீலத் திரை, 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. "நான் எந்த நம்பரைக் கண்டேன் அண்ணி? பாப்பா போட்டோ எல்லாம் போச்சா?" என்று போனில் ஒரே அழுகை.

விஷயம் இதுதான். விண்டோஸில் பிட்லாக்கர் என்றொரு பூட்டு உண்டு. டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பிறர் படிக்க முடியாதபடி உருமாற்றி வைக்கும். அதன் சாவியைக் காப்பது டி.பி.எம். கம்ப்யூட்டர் வழக்கம்போல்தான் கிளம்புகிறதா என்று பார்த்த பிறகே சாவியை நீட்டும். புதுச் சில்லுக்குப் பழைய சாவி எப்படித் தெரியும்? அதனால்தான் 48 இலக்க மீட்பு எண். பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். நாம் போட்ட ஞாபகமே இருக்காது.

நல்லவேளை, அந்த எண்ணும் அதே கணக்கில்தான் பத்திரமாகும். நாத்தனார் கணவரின் கணக்கில் தேடினோம். மூன்று எண்கள் இருந்தன! நீலத் திரையில் தெரிந்த அடையாளக் குறியோடு ஒப்பிட்டு, சரியானதைத் தட்டினோம். பாப்பா சிரித்தாள். எண் எங்குமே கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட்காரர்களாலும் அதை உண்டாக்கித் தர முடியாது.

மேஜைக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் இந்தச் சில்லு தனிச் சிறு அட்டையாகச் செருகியிருக்கும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும் என்றதும் பலர் இந்த அட்டையைத் தேடி ஓடினார்கள். ஆனால் பல பிராசஸர்களுக்குள்ளேயே அந்த வசதி உண்டு. பயாஸ் அமைப்பில் உயிர்ப்பித்தால் போதும், செலவில்லை. அட்டைதான் வேண்டுமென்றால் உங்கள் போர்டுக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள். பின்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அட்டையிலிருந்து பிராசஸருக்கு மாறினாலும் பூட்டுக்கு அது புதுச் சில்லுதான். ஆகவே முதலில் மீட்பு எண்ணைத் தாளில் அச்சடியுங்கள். பிட்லாக்கரை 'இடைநிறுத்தம்' செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையை மாற்றச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஒழுங்காகத் திறந்த பிறகு பூட்டை மீண்டும் இயக்குங்கள். நுழைவுக்கான பின் எண்ணையும் புதிதாக வைக்க வேண்டியிருக்கும். மீட்பு எண் எழுதிய தாள் பீரோவில் பத்திரங்களோடு இருக்கட்டும். லேப்டாப் பைக்குள் வேண்டாம், பையோடு களவு போனால் திருடனுக்கல்லவா வசதி!