டப்பாவின் பின்பக்கம்
உடம்பைக் குறைக்கப் புரதப் பவுடர் வாங்கப் போகிறீர்களா? டப்பாவின் முன்பக்கத்துப் பயில்வானை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு ஸ்கூப் 30 கிராம் என்றால், அதில் 24 கிராமாவது புரதம் இருக்கட்டும்; ஏறக்குறைய 120 கலோரி. 'மாஸ் கெய்னர்' என்று போட்டிருந்தால் தொடவே வேண்டாம், அது எடை ஏற்றுகிற சரக்கு. பெரும்பாலும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துதான். பால் குடித்தால் வயிறு உப்புகிறவர்களுக்கு 'வே ஐசோலேட்' என்ற வகைப் பவுடர் ஒத்துப்போகும்; அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை குறைவு. விலைதான் கடிக்கும்! பவுடர் தானாக எடையைக் குறைக்காது. பசியைக் கொஞ்சம் தள்ளிப்போடும். வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இதையும் குடித்தால் கலோரி ஏறத்தான் செய்யும். புரதத்துக்குப் பவுடர்தான் வேண்டும் என்றில்லை; மூன்று முட்டையிலேயே சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.