கணினிக்குள் ஒரு கணினி

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்க முடியும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளில் இதைச் செய்து காட்டியது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளைக் கொண்டு வீட்டுக் கணினியிலும் செய்யலாம். இவ்வாறு அமைவதே மெய்நிகர் கணினி. அதனுள் குடியேறும் இயங்குதளத்தை ‘விருந்தினர்’ என அழைக்கின்றனர்.

விருந்தினரைக் குடியேற்றும் முன் நாம் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது தொடங்கும் முறை. கணினியை இயக்கியவுடன், வட்டில் உறங்கும் இயங்குதளத்தைத் தேடி எழுப்ப ஒரு சிறு நிரல் வேண்டும். இந்நிரல் இரு வகைப்படும்.

முதலாவது பயாஸ். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினியிலேயே இது இருந்தது. வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள கட்டளைப்படி நடக்கும். இரண்டாவது யூ.இ.எஃப்.ஐ. இதன் விதிகளை வகுக்கும் மன்றம் 2005-இல் தோன்றியது. இது வட்டில் தனியாக ஒதுக்கப்பட்ட சிறு பிரிவுக்குள் சென்று, தொடக்கக் கோப்பைத் தேடி எடுக்கும். ஆக, இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் தேடுகின்றன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

எந்த விருந்தினருக்கு எது பொருந்தும்? 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி-யை வீட்டுக் கணினியில் வைக்கப் பயாஸ் வேண்டும். 2021-இல் வந்த விண்டோஸ் 11, யூ.இ.எஃப்.ஐ.-யையே கேட்கும். புதிய லினக்ஸ் வகைகளில் பல இரண்டிலும் இயங்கும்.

விர்ச்சுவல்பாக்ஸில் இதை அமைப்பது எளிது. முதலில் மெய்நிகர் கணினியை முற்றிலும் நிறுத்த வேண்டும். பிறகு அதன் அமைப்புகளில் ‘சிஸ்டம்’ பகுதியைத் திறந்தால், ஈ.எஃப்.ஐ. என்று குறித்த சிறு கட்டம் தென்படும். அதில் குறியிட்டால் யூ.இ.எஃப்.ஐ.; குறியை நீக்கினால் பயாஸ். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி-யிலோ முதல் தலைமுறை என்பது பயாஸ், இரண்டாம் தலைமுறை என்பது யூ.இ.எஃப்.ஐ. அங்கு ஒருமுறை தேர்ந்தெடுத்த தலைமுறையைப் பின்னர் மாற்ற இயலாது.

இயங்குதளத்தை நிறுவிய பின் அந்தக் குறியை மட்டும் மாற்றினால் என்ன நேரும்? தேடும் இடம் மாறிவிடுவதால் விருந்தினர் பெரும்பாலும் எழமாட்டார். திரையில் கறுப்பே மிஞ்சும். “எல்லாம் அழிந்துவிட்டது” என்று அஞ்சிப் பலர் வட்டைத் துடைத்துவிட்டு மீண்டும் நிறுவத் தொடங்குவர். உண்மையான இழப்பு அப்போதுதான் நேருகிறது. அதில் சேமித்த கணக்குகளும் கட்டுரைகளும் படங்களும் அந்த நொடியில் போய்விடும். குறி மாறியதால் மட்டும் வட்டிலுள்ள கோப்புகள் அழிவதில்லை. மெய்நிகர் கணினியை நிறுத்தி, குறியை முன்பிருந்தபடி வைத்தாலே போதும், விருந்தினர் மறுபடி எழுவார்.

எனவே தோழியரே, நிறுவும் முன்பே முறையைத் தேர்ந்துகொள்வோம். முறையை மாற்றியே ஆக வேண்டுமெனில், முதலில் வட்டிற்கு ஒரு நகல் எடுத்து வைப்போம். கறுப்புத் திரையைக் கண்டாலோ, எதையும் அழிக்கும் முன் அந்தச் சிறு கட்டத்தை ஒருமுறை பார்ப்போம். பதறாத மனமே அறிவியல் கற்போருக்கு முதல் கருவி.